வாய் திறக்காமல் சொன்ன சம்மதம்

இந்த எடத்துக்கு ஆள் வருதுங்களாக்கா? இல்லீனா நான் உக்காந்துக்கறேன். பாப்பாவ மடியில வெச்சுக்குவேன், உங்களுக்கு எடைஞ்சல் இருக்காது. தன்ஷி, கால ஆட்டாத. பெரியம்மா சேலையில செருப்பு படுது பாரு.

நீங்க கோபி வரைக்கும் போறீங்களா? நல்லதாப் போச்சுங்க. நான் அதுக்கு முன்னால ஒத்தக்குதிரையில எறங்கோணும். ஒரு ஒத்தாசை பண்ணுவீங்களாக்கா? ஒத்தக்குதிரை வந்ததும் 'ஆள் எறக்கம்'னு எனக்காக நீங்க ஒரு சத்தம் போடோணும். எனக்கு வாய் வராதுங்க. சிரிக்காதீங்க, நெசமாத்தான். கல்யாணத்துக்கு முந்தி மில்லு வேலைக்குப் போறப்பவே இப்படித்தான். என்ற ஸ்டாப்புல வேற யாராச்சும் எறங்கினா அவங்க முதுகுக்குப் பின்னாடியே நானும் எறங்கிருவேன். யாரும் எறங்கலீனா அடுத்த ஸ்டாப்புல எறங்கித் திரும்பி நடந்து வருவேன். ஆனா இன்னைக்கு அப்படி ஏமாறக்கூடாதுங்க. கோபி ஸ்டாண்டுல எங்கப்பாரு பழக்கடை வெச்சிருக்காரு. இந்தப் பஸ்ஸு போயி நிக்கறது அவரு கடைக்கு நேர் எதுக்க. நான் தனியா எறங்கறதப் பாத்தாருன்னா, 'மாப்பிள்ளை எங்கே'ன்னு ஒரு வார்த்தை கேப்பாரு, அப்பறம் இதே பஸ்ஸுல ஏத்தி உட்டுருவாரு. பாப்பா கையில ஒரு ஆரஞ்சுப் பழம் மட்டும் கூட வரும்.

சொல்லிருவீங்கல்ல? சரிங்க. அப்ப நிம்மதியா உக்காந்துக்கறேன்.

*வணக்கம். இந்தப் பேருந்து சித்தோடு, கவுந்தப்பாடி வழியாகக் கோபி செல்கிறது. படியில் நிற்காதீர்கள். உள்ளே நகர்ந்து செல்லுங்கள்.*

என்னங்க்கா சொன்னீங்க? 'எவளோ ஒருத்தி பொட்டிக்குள்ள உக்காந்துட்டு நாட்டாமை பண்றா'ங்கறீங்களா?

அது நான்தானுங்க.

இல்லீங்க, வெளையாட்டுக்குச் சொல்லல. பாப்பாவக் கேளுங்க வேணும்னா. தன்ஷி, பொட்டியில பேசறது யாரு? பாத்தீங்களா, 'இன்னொரு அம்மா'ங்கறா. வீட்டுல நான் வேலையா இருந்தா எங்கூட்டுக்காரரு கம்ப்யூட்டர்ல கதைய அடிச்சுப் போட்டுருவாரு, அது என் குரல்ல சொல்லும், இவ கேட்டுட்டே கெடப்பா. 'அந்த அம்மா திட்டவே மாட்டா'ன்னு என்கிட்டயே சொல்றா. அது எப்படித் திட்டும்? நான் திட்டி அதுல பதியவே இல்லியே.

எங்க மாமியாரு ஒரு நா இதே வண்டியில வந்தாங்க. படிக்கிட்ட நின்னுட்டு இருந்தவங்க, 'உள்ளே நகர்ந்து செல்லுங்கள்'னு பொட்டி சொன்னதும் கப்புன்னு உள்ள போயிட்டாங்க. நான் பின்னாடியே நின்னு பாத்துட்டே இருந்தேன். கல்யாணமாகி வந்ததுலருந்து நான் சொல்லி அவங்க செஞ்சது அது ஒண்ணுதானுங்க.

எப்படி இதுக்குள்ள போனேன்னு கேக்கறீங்களா? சொல்றேன். நான் அதிகம் பேசற ஆள் இல்லீங்க, கோர்வையா வராது, பொறுத்துக்கோங்க.

நான் ஏழாவது வரைக்கும்தான் படிச்சேன். ஆனா வாசிக்கறது நல்லா வரும். எழுத்தக் கண்டா வாய் தானா ஓடும், ஆளக் கண்டாத்தான் அடைச்சுக்கும். எங்கூட்டுக்காரரு பேரு சம்பத்து. கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில இருந்தவரு, அதையும் இதையும் பாத்துத் தானாவே புரோகிராம் எழுதக் கத்துக்கிட்டாரு. காலேஜுப் பக்கம் போனதில்ல. ஒரு நா போனக் காட்டி, 'வளரு, தமிழ் பேச மெஷினுக்குக் கத்துக் குடுக்கறாங்களாம், சாதாரண சனங்க குரலாக் கேக்கறாங்க, நீ வாசிச்சுக் குடு'ன்னாரு. 'ஊர்க்குரல்'னு அந்தக் கூட்டத்துக்குப் பேரு. ஒத்தக்குதிரைக்கிட்ட ஒரு காலேஜுல வாத்தியாரம்மா இருக்காங்க, பெனாசிர்னு, அவங்கதான் அதை நடத்தறாங்க.

அந்த அம்மா ஒரு பழக்கம் வெச்சிருந்தாங்க. நாமெல்லாம் போன்ல 'ஒத்துக்கறேன்'னு வந்தா என்ன ஏதுன்னு பாக்காம அமுக்கிட்டுப் போயிருவோமில்லீங்களா? அது ஆகாதும்பாங்க. யாரு குரல் குடுத்தாலும், முதல்ல நிபந்தனைய அவங்க வாயாலயே சொல்லோணும். சொன்னாத்தான் புரிஞ்சு குடுத்த மாதிரியாம். அதனால நான் முதல்ல பதிஞ்சதே இதுதானுங்க: 'இது என்னுடைய குரல். இதை எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம். இதை வைத்து எதைச் செய்தாலும், செய்ததையும் எல்லோருக்கும் இதேபோலத் தர வேண்டும். இதற்கு மேல் வேறு தடை போடக்கூடாது.' எனக்கு அது ரொம்பப் புடிச்சுதுங்க. எல்லாத்துக்கும் குடு, வாங்கினவனும் குடுக்கோணும், யாரும் பூட்டி வெச்சுக்கக் கூடாது. ஒரே மூச்சுல நாலு பேருக்கு உத்தரவு போட்ட மாதிரி இருந்துச்சு. வாசிச்சு முடிச்சுட்டு நானே எழுந்து தண்ணி குடிச்சேன்.

அப்பறம் வாசிச்சேன் பாருங்க, சித்தர வெயில்ல. தன்ஷி வயித்துல இருந்தா. சத்தம் வரக்கூடாதுன்னு சன்னல்ல தலகாணி வெச்சு அடைச்சு, கதவுல ஜமுக்காளம் தொங்க உட்டு, ஃபேன நிறுத்திருவாரு. அந்த ரூமுக்குள்ள நானும் வேர்வையும்தான். தப்பா நெனைக்காதீங்க, அவரு நல்லவருங்க. ஒரு வாக்கியம் முடிஞ்சதும் அட்டைய எடுத்து எனக்கு விசிறுவாரு, அடுத்தத வாசிக்கறப்ப நிறுத்திக்குவாரு. குக்கர் விசில் அடிச்சா மறுக்கா வாசிக்கோணும். காக்கா கத்துனா மறுக்கா. எங்க மாமியாரு, 'உள்ள என்னடா நடக்குது, மந்திரமா ஓதறா?'ம்பாங்க, அதுக்கும் மறுக்கா.

வாக்கியமெல்லாம் என்னன்றீங்க! 'அரசர் யானையின் மீது அமர்ந்தார்.' 'நேற்று நான் விமானத்தில் டெல்லி சென்றேன்.' நான் பழனியத் தாண்டுனதில்லீங்க. 'என் மீசையைப் பார்த்து அனைவரும் சிரித்தனர்'னு ஒண்ணு. 'ஓட்டுநர் அவர்களே, தயவுசெய்து வண்டியை நிறுத்துங்கள்'னு ஒண்ணு. அதை நான் வாசிச்சப்ப இவரு வாயப் பொத்திட்டுச் சிரிச்சாரு, 'இது மட்டும் நெசத்துல உன் வாயில வந்துட்டா நான் மொட்டை போட்டுக்கறேன்'னு. எல்லாமே புத்தகத்துத் தமிழு. சட்டம் போட்டு மாட்டுன மாதிரி.

*அடுத்த நிறுத்தம், சித்தோடு. இறங்குபவர்கள் முன்பே தயாராக இருங்கள்.*

பாருங்க, தயாரா இருக்கச் சொல்றேன், நான்.

எங்க உட்டேன்? ஆங். குரல் மட்டும் இருந்தா மெஷினு பேசாதாம். எழுத்தப் பாத்து அதைச் சத்தமா மாத்தறதுக்கு இன்னொரு புரோகிராம் வேணுமாம். அதை வெளிநாட்டுல ஒரு காலேஜுக்காரங்க எழுதி, சும்மாவே குடுத்திருக்காங்க. இவரு அதை எறக்கி, என் குரலப் போட்டு, ரெண்டையும் ஒண்ணாக் கோத்துட்டாரு. பேசுச்சுங்க! அது மொதல்ல பேசுனது 'சம்பத் நல்லவர்'. இவருதான் அடிச்சுப் பாத்தாரு. நானே சொன்ன மாதிரி இருந்துச்சு, அவருக்கு ஒரே சந்தோசம்.

அப்பறம் ஒரு பொட்டி பண்ணி இந்த வண்டி ஓனர்கிட்டப் போனாரு. அவருக்கு ஓடறதெல்லாம் இந்த ரூட்டுதான், எல்லா வண்டிக்கும் வாங்கிட்டாரு. அப்பறம் ஒரு ஆஸ்பத்திரியில டோக்கன் கூப்புடறதுக்கு. பாப்பாவுக்குத் தடுப்பூசி போடப் போனப்ப அங்க உக்காந்திருக்கேன், நானே என் பேரக் கூப்புடறேன். எந்திரிக்கவே இல்லீங்க, பயந்துட்டேன். அடுத்த ஆளு உள்ள போயிட்டாங்க.

வினை எங்கிருந்து வந்துச்சுன்னா, பெனாசிர் மேடம் காலேஜுக்கு வர்றதும் இந்தப் பஸ்ஸுலதான். கேட்டதும் குரலக் கண்டுபுடிச்சுட்டாங்க. போன் பண்ணி இவரப் பாராட்டுனாங்க, 'அருமையாப் பண்ணிருக்கீங்க சம்பத், எப்ப வெளியிடறீங்க?'ன்னு. இவரு எதைன்னாரு. 'நீங்க செஞ்சதைத்தான். எல்லாருக்கும் தரோணுமே, வளர்மதி சொல்லித்தானே குடுத்திருக்காங்க?'ன்னாங்க.

சரி குடுத்துருவோம்னுதான் இவரும் உக்காந்தாரு. அப்பத்தான் அந்த வெளிநாட்டுக்காரங்க போட்ட நிபந்தனைய முழுசாப் படிச்சுப் பாத்திருக்காரு. அதுல என்னன்னா, 'யாரு வேணும்னாலும் எடுத்துக்கோ, படிக்கறதுக்கு, பரிசோதிக்கறதுக்கு. யாவாரத்துக்கு மட்டும் போகக்கூடாது. உங்கிட்ட இருந்து வாங்கறவனும் யாவாரம் பண்ணக்கூடாது.' என் குரலோ, 'வேறு தடை போடக்கூடாது'ங்குது. அது, 'யாவாரம் கூடாதுங்கற தடை போட்டே ஆகோணும்'ங்குது. தனித்தனியா வெச்சா ரெண்டும் நல்ல வார்த்தைங்க. ரெண்டும் தானம்தான். ஒண்ணாச் சேத்து ஒரு பொட்டிக்குள்ள போட்டா, அதை விக்கவும் முடியாது, குடுக்கவும் முடியாது, வெச்சுக்கவும் முடியாது. இதைக் காப்பாத்துனா அது ஒடையுது.

இவரு படிச்சவங்க நாலு பேருகிட்டக் கேட்டாரு. எல்லாரும் தலையத்தான் சொறியறாங்க. 'சும்மா குடுத்தது தானேடா, எதுக்குடா இவ்வளவு சட்டம்?'னு எங்க மாமியாரு கேட்டாங்க. இவரு அவங்களுக்குப் பாலு, மோருன்னு என்னென்னவோ சொல்லிப் பாத்தாரு, வெளங்கல. எனக்கு மட்டும் மொதத் தடவை சொன்னதுமே புரிஞ்சு போச்சுங்க. எப்படின்னு இவருக்கே ஆச்சரியம். நான் என்னத்தச் சொல்றது?

எங்கம்மா வீட்டுல என்ன சொல்வாங்கன்னா, 'கண்ணு, எப்ப வேணும்னாலும் வா, உன்ற வீடுதான். ஆனா மாப்பிள்ளையோட வா. தனியா வந்து நின்னா ஊரு ஒரு மாதிரிப் பேசும்.' இந்த வீட்டுல எங்க மாமியாரு, 'எப்ப வேணும்னாலும் போயிட்டு வா அம்மிணி, நான் என்ன கட்டியா வெச்சிருக்கேன்? ஆனா தனியாப் போ. என் பையன் மாமனாரு வீட்டுப் படி மிதிக்க மாட்டான்.' சீர் விசயத்துல ஒரு மனஸ்தாபம், அது கெடக்குது உடுங்க. ரெண்டு பேரும் நல்ல வார்த்தைதான் சொல்றாங்க. ரெண்டு பேரும் 'எப்ப வேணும்னாலும்'ங்கறாங்க. நான் பாப்பா பொறந்து கூட்டிட்டு வந்ததுக்கப்பறம் எங்கம்மாவப் பாக்கலீங்க.

அழுகையெல்லாம் இல்லீங்க. பஸ்ஸுல காத்தடிக்குது, கண்ணு எரியுது.

இவருதான் எளைச்சுட்டாரு. சோறு போட்டா பெசஞ்சுட்டே உக்காந்திருப்பாரு. பஸ் ஓனரு காசு குடுத்துட்டாரு, பொட்டியக் கழட்டவும் முடியாது. ஒரு நா என்னப் பாத்து, 'நான் ஒரு கூண்டக் கட்டி அதுக்குள்ளயே உக்காந்துட்டேன் வளரு'ன்னாரு. எனக்கு ஒரே சங்கடம். 'நான் வாசிச்சதாலதானே'ன்னு தோணுச்சு.

அப்பத்தான் பெங்களூர்ல ஒரு கம்பெனிக்காரங்க போன் பண்ணாங்க. அவங்ககிட்டச் சொந்தமா ஒரு புரோகிராம் இருக்குதாம், அந்த வெளிநாட்டுக்காரங்களது வேண்டியதே இல்லையாம். இவருக்கு அங்கயே வேலை. பொட்டியெல்லாம் அவங்க பொறுப்பு. ஆனா அவங்க எதையும் வெளிய குடுக்க மாட்டாங்க, பூட்டித்தான் வெப்பாங்க. அதுக்கு என் குரலோட நிபந்தனை ஆகாது. இவரு பெனாசிர் மேடத்துக்கிட்ட வழி கேட்டாரு. மேடம் சொன்னாங்க, 'ஒரே வழிதான் இருக்குது. எல்லாருக்கும் குடுத்தது குடுத்ததுதான், அதைத் திருப்பி வாங்க முடியாது. ஆனா குரலுக்குச் சொந்தக்காரங்க விரும்பினா, இவங்களுக்கு மட்டும் தனியா, வேற நிபந்தனையில, இன்னொரு தடவை குடுக்கலாம். அதை வளர்மதிதான் சொல்லோணும். வேற யாரும் சொல்ல முடியாது.'

இவரு, 'நான் அவ புருசன் மேடம்'னாரு.

'புருசனும் முடியாது'ன்னாங்க.

ஸ்பீக்கர்ல போட்டிருந்தாரு, நான் வெங்காயம் உரிச்சுட்டு இருந்தேன். எனக்கு வந்துச்சு பாருங்க சிரிப்பு! என்னத்துக்குன்னே தெரியல. இவரு திரும்பிப் பாத்தாரு, முந்தானைய வாயில அடைச்சுக்கிட்டேன்.

*அடுத்த நிறுத்தம், கவுந்தப்பாடி. குழந்தைகளின் கையைப் பிடித்து இறக்குங்கள்.*

தன்ஷி தூங்கிட்டா. தோளுல போட்டுக்கறேன்.

பழையபடி வாயாலதான் சொல்லோணும்னு ஆச்சு. போன்லயே. பெங்களூர்க்காரரு ஒரு பக்கம், சாட்சிக்குப் பெனாசிர் மேடம் ஒரு பக்கம். இவரு மேசை மேல போன வெச்சாரு. நான் குளிச்சுட்டு நல்ல சேலை கட்டிட்டு உக்காந்தேன், யாரு பாக்கப் போறாங்க, இருந்தாலும். 'வளர்மதி, நீங்க உங்க விருப்பத்தச் சொல்லுங்க'ன்னாங்க மேடம்.

வாயத் தொறந்தேன். வரல.

மாட்டேன்னு இல்லீங்க. அப்படி நான் நெனைக்கவே இல்ல. சத்தியமா. இவருக்கு வேலை கெடைக்குது, மனுசன் சோறு திங்கப் போறாரு, நான் எதுக்கு மாட்டேங்கறேன்? வார்த்தைதான் வரல. எழுதிக் குடுத்திருந்தா வாசிச்சிருப்பேன். என் விருப்பத்தச் சொல்லுன்னா, அதை எங்க பாத்து வாசிக்கறது? இவரு கையக் காட்றாரு, சொல்லு சொல்லுன்னு. அந்தப் பக்கம் 'ஹலோ, லைன்ல இருக்கீங்களா?'ங்கறாங்க. உள்ள குக்கர் விசில் அடிக்குது.

இவரு கம்ப்யூட்டரப் பக்கத்துல இழுத்தாரு. கடகடன்னு அடிச்சாரு.

*ஆம். என் குரலை உங்களுக்குத் தனியாகத் தருகிறேன். எந்த நிபந்தனையும் இல்லை.*

என் குரலுதானுங்க. நான் வாயத் தொறந்தபடியே உக்காந்திருக்கேன், சத்தம் அங்கிருந்து வருது. எனக்கே ஒரு நிமிசம் நான்தான் சொல்லிட்டனோன்னு இருந்துச்சு. மேடம் மறுக்கா, 'நிஜமாவே உங்களுக்குச் சம்மதந்தானா வளர்?'னு கேட்டாங்க. என்னை 'வளர்'னு அதுக்கு முன்னால அவங்க கூப்புட்டதில்ல. நான் இவரப் பாத்தேன். இவரு என்னப் பாக்கல. அடிச்சாரு.

*ஆம். முழுச் சம்மதம்.*

சமையக்கட்டுலருந்து எங்க மாமியாரு, 'பரவால்லையே சம்பத்து, உன்ற பொண்டாட்டிக்கு வாய் வந்துருச்சே!'ன்னாங்க.

அவரத் திட்டாதீங்கக்கா. திட்டுவீங்களோன்னுதான் சொல்லத் தயங்குனேன். போன வெச்சதும் என் கையப் புடிச்சுட்டு, 'நீ சொல்ல வந்ததத்தானே நான் சொன்னேன்'னாரு. நெசந்தானுங்களே? நான் சரின்னுதானே சொல்ல வந்தேன். அப்படித்தான்னு நெனைக்கறேன். இப்ப யோசிச்சா நான் என்ன சொல்ல வந்தேன்னே மறந்து போச்சுங்க. அது முந்திக்கிச்சு.

நேத்து அந்தக் கம்பெனிக்காரங்க ஒரு சாம்பிள் அனுப்பிச்சாங்க. 'கேட்டுப் பாருங்க, உங்க குரல் எப்படி வந்திருக்குது'ன்னு. பொழுதோட இவரு கடைக்குப் போனப்ப நானே போன எடுத்து அமுக்குனேன்.

எப்படிச் சொல்றது. நீங்க பெரியவங்க.

*வணக்கம். நான் உங்கள் தோழி. நீங்கள் தனியாக இருக்கிறீர்களா? என்னிடம் எதை வேண்டுமானாலும் பேசலாம். நான் எப்போதும் உங்களுக்காகக் காத்திருக்கிறேன்.* அப்படிங்குது. நான் பேசறேன். கடைசியில ஒரு சிரிப்பு. நான் அப்படிச் சிரிச்சதே இல்லீங்க. யாருக்கிட்டயும் இல்ல. எங்கூட்டுக்காரருகிட்டக்கூட இல்ல. தனியா இருக்கற ஆம்பளைங்க காசு கட்டிப் போன்ல பேசறதுக்காம். எத்தனை பேரு வேணும்னாலும் ஒரே நேரத்துல பேசலாமாம்.

இவருகிட்டக் கேட்டேன். கேட்டேன்னா, போன நீட்டுனேன். இவரும் மொகம் மாறித்தான் போனாரு. அப்பறம், 'அது நீ இல்ல வளரு, மெஷினு'ன்னாரு. சம்மதம் சொன்னப்ப நான், இப்ப மெஷினாக்கும். 'எந்த நிபந்தனையும் இல்லைன்னு ஒத்துக்கிட்டோமே, இனி என்ன பண்றது?'ன்னு உக்காந்துட்டாரு.

அதுமட்டுமில்லீங்க. இன்னைக்குச் சாயங்காலம் அந்தக் கம்பெனியாளுங்க வீட்டுக்கு வர்றாங்க. நான் பதிஞ்சது எல்லாம் புத்தகத்துத் தமிழாப் போச்சாம், தோழி அப்படிப் பேசுனா ஆளுங்க சிரிப்பாங்களாம். அதனால சாதாரணப் பேச்சு வேணுமாம். 'வாசிக்க வேண்டாம், மனசுல இருக்கறத யாருகிட்டயோ சொல்ற மாதிரி சும்மா பேசச் சொல்லுங்க, போதும்'னாங்களாம். எனக்கு என்னங்க பேச்சு இருக்குது? நான் எங்க போயி பேசுவேன்?

காலையில மாமியாருகிட்ட, 'அம்மா வீட்டுக்குப் போயிட்டு வந்துர்றேனுங்கத்தை'ன்னேன். 'தனியாத்தானே? போயிட்டு வா. சாயங்காலத்துக்குள்ள வந்துரு, ஆளுங்க வர்றாங்க'ன்னாங்க. தனியாப் போறதுக்கு அவங்க தடை சொல்ல முடியாதுல்லீங்களா, அவங்க வார்த்தையே அதுதானே. அந்த வார்த்தையப் புடிச்சுட்டுத்தான் இந்தப் பஸ்ஸுல ஏறுனேன். அம்மா வீட்டுக்குப் போக முடியாதுன்னு அவங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நடுவுல ஒத்தக்குதிரை இருக்குதுன்னு எனக்கு மட்டுந்தான் தெரியும்.

புகார் சொல்றதுக்கெல்லாம் இல்லீங்க. கட்டுனவரக் காட்டிக் குடுப்பனா? பெனாசிர் மேடத்துக்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கோணும். வாயத் தொறக்காமக் குடுத்தா, அது குடுத்ததுதானுங்களா? அவ்வளவுதான். குடுத்ததுதான்னு சொல்லிட்டாங்கன்னா அடுத்த பஸ்ஸப் புடிச்சுத் திரும்பிருவேன், சாயங்காலம் உக்காந்து பேசிக் குடுத்துருவேன்.

ஆனா நம்போணுமே. அதே குரலு. போன்ல அந்த அம்மா ரெண்டு தடவை கேட்டு, ரெண்டு தடவையும் பதில் வாங்கியிருக்காங்க. இப்ப நான் போயி நின்னு 'அது நான் இல்ல'ன்னா? பொட்டி என்னைவிடத் தெளிவாப் பேசுது, தடுமாறறதில்ல, தலையக் குனியறதில்ல. எங்க ரெண்டு பேருல யாரு பொய்யின்னு கேட்டா சனம் என்னையத்தான் கை காட்டும்.

அதுக்குத்தான் நல்லா மனப்பாடம் பண்ணிட்டுப் போறேன். கேளுங்க, சரியா இருக்குதான்னு. 'வணக்கம் மேடம். அன்று தொலைபேசியில் பேசியது நான் அல்ல. என் குரலைப் பயன்படுத்தி வேறு ஒருவர்...' இல்ல, வேறு ஒருவர்னா இவரு மாட்டிக்குவாரு. 'என் குரலைப் பயன்படுத்தி இயந்திரம் பேசியது. தயவுசெய்து நம்புங்கள்.' தடுமாறாம வருதுல்லீங்க? காலையில சோறு வடிக்கறப்பத்துலருந்து சொல்லிச் சொல்லிப் பாத்தேன். பொட்டி மாதிரியே வந்துருச்சு.

இப்படி நான் பேசி ரொம்ப நாளாச்சுங்க்கா. நீங்க 'உம்' கொட்டிட்டுக் கேட்டுட்டு வந்தீங்களா, தானா வந்துருச்சு.

*அடுத்த நிறுத்தம், ஒத்தக்குதிரை. இறங்குபவர்கள் முன்பே தயாராக இருங்கள்.*

வந்துருச்சுங்க்கா. ஒரு சத்தம் போட்டுர்றீங்களா?

அக்கா?

அக்கா... ஏனுங்க்கா. ஐயோ. தூங்கிட்டீங்களா? எப்ப இருந்து? 'உம்'முன்னது எல்லாம் தூக்கத்துலயா?

அக்கா, எந்திரிங்க, ஸ்டாப்பு வந்துருச்சு. யாருமே எறங்கறதுக்கு எந்திரிக்கலீங்களே. டிரைவரு வேகத்தக் கொறைக்கவே இல்ல. பாப்பா, எந்திரி கண்ணு. கண்டக்டரு முன்னாடி நின்னு டிக்கெட்டு எண்ணிட்டு இருக்காரு. நிமிந்தாருன்னா கையக் காட்டலாம். நிமிர மாட்டேங்கறாரு. அந்தா காலேஜு கேட்டு தெரியுது.

சொல்லோணும். சொல்லிருவேன். என்ன சொல்றது?

'ஓட்டுநர் அவர்களே, தயவுசெய்து வண்டியை நிறுத்துங்கள்!'

கேட்டுருச்சு. எல்லாத்துக்கும் கேட்டுருச்சு. கண்டக்டரு... என்ன இவரு, மேல பாக்கறாரு? பொட்டியப் பாக்கறாருங்க்கா! 'என்னண்ணா இது, புதுசா என்னமோ சொல்லுது, பொட்டி கெட்டுப் போச்சாட்ட இருக்குது'ங்கறாரு. டிரைவரு சிரிக்கறாரு. நான் இங்க நிக்கறேன். பாப்பாவத் தூக்கிட்டு நடுவால நிக்கறேன், என்னப் பாக்கறதுக்கு ஒருத்தரு இல்ல. காலேஜு கேட்டு தாண்டிப் போகுது. கோபிக்குப் போயிருமுங்க. ஆரஞ்சுப் பழத்தக் குடுத்துத் திருப்பி அனுப்பிருவாருங்க எங்கப்பாரு...

'ஏனுங்ண்ணோவ்! நிறுத்துங்ண்ணா! காது கேக்கலீங்களா, பொட்டி இல்லீங்க, நான்! ஆளு! கொழந்தைய வெச்சுட்டு நிக்கறது கண்ணு தெரியலையா உங்களுக்கு? நிறுத்துங்கறேன்ல!'

நின்னுருச்சு.

எல்லாரும் என்னப் பாக்கறாங்க. பாக்கட்டும். கண்டக்டரு, 'எறங்கம்மா எறங்கு, அதுக்கு ஏன் இந்தக் கத்து கத்தறே?'ங்கறாரு. தொண்டை கிழிஞ்ச மாதிரி எரியுது. மனப்பாடம் பண்ணதெல்லாம் எங்கியோ போயிருச்சு, ஒரு வார்த்தை ஞாபகமில்ல. தன்ஷி முழிச்சுட்டா, என் வாயையே பாக்கறா. மேல இருக்கற பொட்டியப் பாக்கல.

நீங்க தூங்குங்கக்கா. கோபி வந்தா அது எழுப்பும்.